‘ஒரே மாதிரி’ என்ற சொல்லுக்கு ஒரு வாக்கியம்

மார்ச் 4

மகளுக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. தப்பித் தவறி எடுத்தாலும் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் “மீட்டிங்ல இருக்கேன்” என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம். ஆனால் முழுதும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

நேற்றுக் காலை குட்டச்சி வந்தாள். விடுதியில் கைகழுவும் தொட்டி எட்டாமல் முக்காலி போட்டு நிற்பாளே, அவள்தான். இப்போது அவளே இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வாராவாரம் எனக்குப் பாலும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு வருகிறவள் அவள், நீ இல்லை. மூத்த பெண்ணின் பள்ளிக்கூட அகராதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள். “வார்டன், உங்களப் பத்திப் போட்டிருக்காங்க, பாருங்க பாருங்க” என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். சொல்: ஒரே மாதிரி. பொருள்: வேறுபாடு சிறிதும் இல்லாமல். அதன் கீழே சாய்வெழுத்தில் ஓர் எடுத்துக்காட்டு: “விடுதிக் காப்பாளர் தம் மகளையும் மற்றப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி நடத்தினார்.” முதல் பக்கத்தைத் திருப்பினால் தொகுப்பாளர்கள் வரிசையில் நீ.

வார்டன் என்பதைக் காப்பாளர் என்று மாற்றிவிட்டால் எனக்கு விளங்காதா? குட்டச்சி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள். பக்கத்தைப் படம் பிடித்து விடுதியில் படித்த எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். சாயந்திரம் வரை ஒரே போன். நான் சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு வைத்தேன். அவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். நீ என்னைப் பாராட்டுகிற ஆள் இல்லை. ஊரெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் புரட்டுகிற புத்தகத்தில் என் மேல் ஒரு குற்றப் பத்திரிகை எழுதி வைத்திருக்கிறாய்.

அடுத்த பதிப்பு வருகிறதாமே, அதில் இதை எடுத்துவிடு. ஒரே மாதிரி இருக்கிற பொருள்கள் உலகத்தில் கொட்டிக் கிடக்கின்றன. செங்கல் இருக்கிறது, சட்டைப் பொத்தான் இருக்கிறது. பெற்ற தாய்தானா கிடைத்தாள் உனக்கு? இதன் நகல் ஒன்றை உன் அகராதித் தலைமை ஆசிரியருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

அம்மா


மார்ச் 13

வார்டன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. தலைமை ஆசிரியருக்கு வந்த நகலும் என் மேஜைக்கே வந்துவிட்டது. பதிலை நானே எழுதும்படி சொல்லிவிட்டார். எனவே இதை அலுவலகப் பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். அபூர்வமான சொற்களுக்கு வாக்கியங்களைப் பத்திரிகைகளிலிருந்து எடுப்போம். அன்றாடம் புழங்குகிற சொற்களுக்கு வேறு ஒரு பழக்கம். நீள மேஜையைச் சுற்றி ஐந்து பேர் உட்காருவோம். ஒருவர் சொல்லைச் சத்தமாகப் படிப்பார். மற்ற நான்கு பேரும் எதையும் யோசிக்காமல், எதையும் புரட்டாமல், மனதில் முதலில் வருகிற வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைப்போம். யோசித்தால் வாக்கியம் செத்துப்போகும் என்பது தலைமை ஆசிரியரின் கட்சி. ‘ஒரே மாதிரி’ என்று படித்தபோது ஒருவர் டைல்ஸ் பற்றி எழுதினார். ஒருவர் தன் மாமியாரின் சமையலைப் பற்றி எழுதினார். எனக்கு நீங்கள் வந்தீர்கள். நான் உங்களைத் தேடிப் போகவில்லை. சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தபோது என்னுடையதுதான் தெளிவாக இருக்கிறது என்று நாலு பேரும் சொன்னார்கள். யாருடைய கதை என்று யாருக்கும் தெரியாது.

அச்சான வாக்கியத்தை நீக்க எங்களிடம் இரண்டு காரணங்கள்தான் உண்டு. சொல் தவறாகப் பயன்பட்டிருக்க வேண்டும். அல்லது சொன்ன செய்தி பொய்யாக இருக்க வேண்டும். “எனக்குச் சங்கடமாக இருக்கிறது” என்பது காரணம் ஆகாது. அப்படிப் பார்த்தால் ‘கஞ்சன்’, ‘வாயாடி’ எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் அட்டையைத்தான் விற்க வேண்டியிருக்கும்.

ஆகவே கேட்கிறேன். அந்த வாக்கியம் பொய்யா? பொய் என்றால் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். உண்மை என்றால் எதற்கு இந்தக் கோபம்? பெருமையாகத் தலையை நிமிர்த்திக்கொண்டு இருக்கலாமே.

பதினேழாம் கட்டில்


மார்ச் 19

மகளுக்கு,

கட்டில் எண்ணைப் போட்டுக் கையெழுத்திடுவது ரொம்பக் கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பா? உனக்கு அந்தக் கட்டில் கிடைப்பதற்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதற்கு ஒரு சொல் கண்டுபிடித்து என் தலையிலேயே போடுவாய்.

உன் அப்பா போனபோது உனக்கு ஐந்து வயது. வேலை கேட்டு நான் ஏறாத படி இல்லை. விடுதி நிர்வாகம்தான் வேலை கொடுத்தது. வார்டனுக்கு ஓர் அறை, அதில் குடும்பத்தைத் தங்க வைக்கக் கூடாது என்பது விதி. கெஞ்சினேன். “சரிம்மா, பொண்ணு இங்கயே இருக்கட்டும். ஆனா அறுபது பிள்ளைகள்ல ஒருத்தியா இருக்கணும். சலுகை காட்டுறீங்கன்னு ஒரே ஒரு புகார் வந்தாலும் ரெண்டு பேருமே வெளியதான்” என்றார் செயலாளர். நான் என்ன செய்திருக்க வேண்டும்? உன்னைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றிருக்க வேண்டுமா?

உண்மையா பொய்யா என்கிறாய். உண்மைதான். ஆயிரம் தடவை உண்மை. அந்த ஒரு பெயரைத் தவிர நான் வேறு எதையும் சம்பாதிக்கவில்லை. இரண்டு அறை வாடகை வீட்டில் மூட்டுவலியோடு இருக்கிறேன். ஆனால் ஓரவஞ்சனை செய்தாள் என்று ஒருத்தி சொல்ல முடியாது. என்னைத் தேடி இன்றைக்கும் நாலு பேர் வருகிறார்கள் என்றால் அதனால்தான். அதையே எடுத்து நீ ஊசியாக்கிக் குத்துகிறாய், அதுதான் கோபம்.

இன்னொன்று. உன் சொல்லே தவறு. நான் பிள்ளைகளை ‘சமமாக’ நடத்தினேன். ‘ஒரே மாதிரி’ இல்லை. குட்டச்சிக்கு முக்காலி கொடுத்தேன், நெட்டைக்குக் கொடுக்கவில்லை. இருட்டுக்குப் பயப்படுகிறவளைக் கதவோரக் கட்டிலில் போட்டேன். காது மந்தமானவளைச் சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஒருத்திக்கு எது வேண்டுமோ அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். இதற்குப் பெயர் ஒரே மாதிரியா? பயன்பாடு தவறு. உன் விதிப்படியே நீக்கு.

அம்மா


மார்ச் 26

வார்டன் அவர்களுக்கு,

சொல்லைப் பற்றி வாதாட வந்துவிட்டீர்கள். நல்லது. அது என் பேட்டை.

நீங்கள் சொல்வது சரி. சமம் வேறு, ஒரே மாதிரி வேறு. சமமாக நடத்துகிறவர் ஆளைப் பார்க்கிறார். இவளுக்கு எது குறைகிறது என்று பார்த்து அதை நிரப்புகிறார். ஒரே மாதிரி நடத்துகிறவர் ஆளைப் பார்ப்பதில்லை, விதியைத்தான் பார்க்கிறார். அச்சு வைத்துச் செங்கல் அறுப்பது போன்ற வேலை அது. குட்டச்சியைப் பார்த்தீர்கள், முக்காலி வந்தது. காது மந்தமானவளைப் பார்த்தீர்கள், பக்கத்து நாற்காலி வந்தது. என்னை என்றைக்காவது அப்படிப் பார்த்தீர்களா? மற்ற ஐம்பத்தொன்பது பேரைச் சமமாக நடத்தினீர்கள். ஒருத்தியை மட்டும்தான் ஒரே மாதிரி நடத்தினீர்கள். வாக்கியத்தில் நான் வைத்த சொல் வைத்த இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

பார்வையாளர் நாள் நினைவிருக்கிறதா? மாதத்தின் முதல் ஞாயிறு. கூடம் முழுக்க அம்மாக்களும் அப்பாக்களும் அத்தைகளும். பிள்ளைகள் மடியில் ஏறி உட்கார்ந்து பிஸ்கட் தின்பார்கள். பார்க்க யாரும் வராத பிள்ளைகளுக்கு ஜன்னலோரம் ஒரு பெஞ்சு. அதில் குட்டச்சி, யாரும் இல்லாதவள். பக்கத்தில் நான். எதிரே மேஜையில் என்னைப் பெற்றவர் வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கை நீட்டினால் தொடுகிற தூரம். நான் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். நிமிரமாட்டீர்கள். ஒரு தடவை நான் “அம்மா” என்று கூப்பிட்டேன். “வார்டன்னு சொல்லு” என்றீர்கள், பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே. ஊரில் எல்லாப் பெண்களும் அம்மாவை நீ, வா, போ என்கிறார்கள். எனக்கு இந்த வயதிலும் உங்களிடம் நீ என்று வாய் வரவில்லை.

சலுகை காட்டாதே என்றுதான் செயலாளர் சொன்னார். நிமிர்ந்து பார்க்காதே என்று சொல்லவில்லை.

அடுத்த பதிப்பு ஏப்ரல் கடைசியில் அச்சுக்குப் போகிறது. உங்களுக்கு ஒரு வழி விடுகிறேன். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு சந்தர்ப்பம், நீங்கள் என்னை அந்த அறுபது பேரில் ஒருத்தியாக இல்லாமல் நடத்தியது இருந்தால் எழுதி அனுப்புங்கள். ஒன்று போதும். செய்தி பொய் என்று ஆகிவிடும். நானே என் கையால் வாக்கியத்தை அடித்துவிடுகிறேன்.

பதினேழாம் கட்டில்


ஏப்ரல் 2

மகளுக்கு,

அலமாரிக் கண்ணாடியை நாலு பேர் சேர்ந்து உடைத்தீர்கள். மூன்று பேரைத் திட்டினேன். உன்னை மட்டும் அறைந்தேன். இதோ, ஒரு சந்தர்ப்பம். அடித்துவிடு.

அம்மா


ஏப்ரல் 7

வார்டன் அவர்களுக்கு,

ஏற்க முடியாது. அந்த அறை எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது, நீங்கள் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் கேட்டது எது என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதது போல நடிக்க வேண்டாம்.


ஏப்ரல் 17

மகளுக்கு,

வயிறு குளிர்ந்து போகிற செய்தி ஒன்று இருக்கிறது. உட்கார்ந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமை விடுதியில் படித்த பெண்கள் எல்லாரும் கூடினார்கள். ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, நாற்காலி போட்டு, மைக் எல்லாம் வைத்திருந்தார்கள். எல்லாம் குட்டச்சியின் ஏற்பாடு. மேடையில் துணி போட்டு மூடி ஏதோ வைத்திருந்தார்கள். துணியை எடுத்தால் உன் வாக்கியம். அந்தப் பக்கத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். கைதட்டல் அடங்கவே இல்லை. “வார்டன், நாலு வார்த்தை பேசுங்க” என்று குட்டச்சி மைக்கை என் கையில் திணித்தாள்.

நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடத்தான் எழுந்தேன். சத்தியமாக வேறு எண்ணம் இல்லை. ஆனால் பத்து நாளாக ராப்பகல் தூங்காமல் நீ கேட்ட அந்த ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் வந்த நாள்கள், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய நாள், நீ பெரியவளான நாள் என்று ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒவ்வொன்றிலும் மற்றவர்களுக்குச் செய்ததைத்தான் உனக்கும் செய்திருக்கிறேன். அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறேன். தேடத் தேட எனக்கு உன் மேல் ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்தோடுதான் மைக் முன்னால் நின்றேன். வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

“இதுல போட்டிருக்கிறது தப்பு” என்றேன். கூடம் சிரித்தது, நான் அடக்கமாகப் பேசுகிறேன் என்று. “சிரிக்காதீங்க. உங்களுக்கு லீவு விட்டா போறதுக்கு ஒரு வீடு இருந்துச்சு. அங்க ஒரு அம்மா இருந்தாங்க. இங்க நான் வார்டனா இருந்தாப் போதும். எம் பொண்ணுக்கு லீவுலயும் நான்தான். அவளுக்கு வேற அம்மா எங்க இருக்கா? உங்களுக்குக் குடுத்ததயே அவளுக்கும் குடுத்துட்டு, எல்லாரும் ஒண்ணுன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன். உங்களுக்கெல்லாம் ரெண்டு பேரு. அவளுக்கு ஒருத்திகூட இல்ல.”

அப்போது முன் வரிசையில் குட்டச்சி எழுந்தாள்.

“எனக்கு எந்த வீடு வார்டன் இருந்துச்சு?” என்றாள். “நானும் லீவுல அங்கதான கெடந்தேன். அம்மா இல்லன்னு அழுதப்ப, இங்க எல்லாரும் எனக்கு ஒண்ணுதான், எம் பொண்ணும் நீயும் ஒண்ணுதான்னு சொன்னீங்களே. அத நம்பித்தான் நான் வளந்தேன். இப்ப உங்க பொண்ணுக்குக் குறைஞ்சுபோச்சுன்னு அழறீங்க. அப்ப எனக்கு?”

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்கள் என்னை ஆட்டோவில் ஏற்றி வீட்டில் விட்டார்கள். இந்த வாரம் பாலும் வரவில்லை, மாத்திரையும் வரவில்லை. நான்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிக் கடைக்குப் போய் வந்தேன்.

என்னிடம் இருந்தது அந்த ஒரு பெயர். அதை ஊர் நடுவில் நின்று நானே கொட்டிக் கவிழ்த்துவிட்டேன். எனக்கு மகள் போல இருந்தவளும் போய்விட்டாள். திருப்தியா? செய்தி பொய் என்று எல்லார் முன்னாலும் சொல்லியாகிவிட்டது. இனியாவது அந்த வாக்கியத்தை அடி.

அம்மா


ஏப்ரல் 22

அம்மா,

அந்த வாக்கியம் அடிபட்டு ஒன்றரை மாதம் ஆகிறது.

நீ அனுப்பிய நகல் வந்த அன்றைக்கே தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். “அம்மாவோட சண்டைய வீட்ல வெச்சுக்கம்மா, அகராதில வேணாம்” என்று சொல்லிவிட்டுச் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டார். புது வாக்கியத்தையும் அவரே எழுதினார். “எல்லாச் செங்கற்களும் ஒரே மாதிரி இருந்தன.” உன் கடிதத்திலிருந்து எடுத்ததுதான். அதற்குப் பிறகுதான் நான் உனக்கு முதல் பதிலை எழுதினேன். விதி, காரணம், அச்சுத் தேதி எல்லாம் நானாக அளந்தவை.

ஒரு சந்தர்ப்பம் கேட்டேன். வாக்கியத்துக்காகக் கேட்கவில்லை. வாக்கியம் ஒரு சாக்கு. எனக்கு அந்த ஒன்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கையில் பிடி கிடைத்தது, முறுக்கினேன். நீ மேடையில் போய்ச் சொல்வாய் என்று நினைக்கவில்லை. குட்டச்சியைப் பற்றி நினைக்கவே இல்லை. நான் எப்போதுமே அவளைப் பற்றி நினைத்ததில்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வருஷங்களில்கூட ஒரு தடவை அவள் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. உன்னைப் பார்க்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

நேற்று அவளுக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது. நீ மைக்கில் பேசியதைப் படித்தும் அது போகவில்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம். ஆனால் தெரியாமல் நீ இன்னும் அந்தச் செங்கல்லோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்.


ஏப்ரல் 27

மகளுக்கு,

படித்தேன். கிழித்தேன். குப்பையிலும் போட்டுவிட்டேன்.

வயதான பொம்பளையை, மூட்டுவலிக்காரியை, முடிந்துபோன ஒரு விஷயத்துக்காக ஊர் முன்னால் நிறுத்தி அழ வைத்திருக்கிறாய். அகராதி எழுதுகிறாயே, இதற்கு உங்கள் புத்தகத்தில் என்ன சொல் என்று பார். எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் நேற்றுச் சுவரைப் பார்த்துத் திட்டித் தீர்த்துவிட்டேன். மேல் வீட்டுக்காரி கதவைத் தட்டி, “யாரும்மா வந்திருக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த அறுபது பேரில் எவளாவது ஒருத்தி எனக்கு இதைச் செய்திருந்தால் அன்றைக்கே அவள் பெட்டியைக் கட்டிக் கொடுத்திருப்பேன். அதற்குப் பிறகு அவள் பெயரை என் வாயால் சொல்லியிருக்க மாட்டேன். நான் அப்படிப்பட்டவள் என்று உனக்கே தெரியும். உன்னை அப்படிச் செய்யலாம் என்றுதான் காகிதத்தை எடுத்தேன். ‘இனி நீ யாரோ, நான் யாரோ’ என்று எழுத உட்கார்ந்தேன். மூன்று காகிதம் வீணானதுதான் மிச்சம். உன்னிடம் என்னால் முடியவில்லை. இவ்வளவு கோபத்திலும் உனக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ கேட்டது இதுதான் என்றால் எடுத்துக்கொள். என்னிடம் வேறு இல்லை.

குட்டச்சி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் அவளிடம் சொன்னது பொய்யில்லை, உன்னைப் பற்றி மைக்கில் சொன்னதும் பொய்யில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. பேசக் கற்றவள் நீ. நீ மூட்டிய தீ, நீயே போய் அணை. போனில் பேசாதே, வீட்டுக்குப் போ. அவள் திட்டினால் வாங்கிக்கொள். உனக்கும் எனக்கும் சேர்த்து வாங்கிக்கொள்.

அவளைக் கூட்டிக்கொண்டு இங்கே வா. வரும்போது மாத்திரை வாங்கிவா, வெள்ளை அட்டையில் நீலக் கோடு போட்டது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வா, வாசலில் நின்று மணியைப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

அவள் வராவிட்டாலும் நீ வா.

அம்மா